கரையோரக் கேள்வி பதில்: தீவுக்கு ஓர் ஒலிநாடா

பிடித்த பாட்டு, பிடித்த புத்தகம், பிடித்த படம் ஆகிய மூன்றையும் ஒருவர் சொல்லக் கேட்டால், அவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்பதையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் இராமேசுவரம் தீவிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு செய்தி: 1980களில் கீழக்கரையில், கேட்ட பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நான் நடத்தினேன். பிறருடைய விருப்பங்களைச் சீட்டில் எழுதி வாங்கிப் பிழைத்தவன் என்பதால், இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆளில்லாத தீவு ஒன்றில் உங்களைத் தனியே விட்டுவிட்டால், எந்த இசைத்தொகுப்பை, எந்த நூலை, எந்தப் படத்தை உடன் வைத்துக்கொள்வீர்கள்? – வாசகி, கீழக்கரை

பதில்: மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் இருக்கின்றன என்பதும், அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை என்பதும் உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. அனுமதியில்லாமல் அங்கே இறங்கினால், முதல் பாட்டு முடிவதற்குள் வனத்துறையினர் வந்து கரைக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். ஆகையால் தீவுக்குப் போவது நம் பக்கத்தில் வெறும் கற்பனைதான். ஆனால் ஊரை விட்டுக் கிளம்புகிறவர் எதை எடுத்துச் செல்வது என்பது கற்பனையல்ல. துபாய்க்கும் சவூதிக்கும் புறப்பட்ட சபராளிகளிடம் அந்தக் கேள்வியை நான் வாரந்தோறும் கேட்டேன்.

60 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறு அல்லது ஏழு பாடல்கள் கொள்ளும். வருகிறவர் முப்பது பாடல்களை எழுதிக்கொண்டு வருவார், நான் பாதிக்கு மேல் அடிக்கச் சொல்வேன். அவர் எவற்றை அடிக்கிறார் என்று கவனிப்பதுதான் அந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த கல்வி. முதலில் அடிபடுவது அந்த மாதம் தேநீர்க் கடைகளில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு; அடுத்து அடிபடுவது, தன்னைப் பற்றிப் பிறர் உயர்வாக நினைக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருந்த கீர்த்தனை. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் யாரும் மெச்சாத பாட்டுகளாக இருக்கும். ஒருவர், இலங்கை வானொலியிலிருந்து நேரடியாகப் பதிந்திருந்த பழைய நாடாவைக் கொண்டுவந்து, பாட்டுக்கு முன்னால் வரும் அறிவிப்பாளரின் குரலை வெட்டாமல் அப்படியே ஏற்றித் தர வேண்டும் என்று கேட்டார்; குரல் போய்விட்டால் பாட்டும் போய்விடும் என்பது அவர் கட்சி. கடல் கடந்து வந்த அந்த ஒலிபரப்பு, நம் கரையில் சென்னை வானொலியைவிடத் தெளிவாகக் கேட்ட காலம் அது. இன்னொருவர், இரண்டாம் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தைக் காலியாக விடச் சொல்லி, அதில் வீட்டார் பேசிப் பதிய ஏற்பாடு செய்தார். ஒலிவாங்கியைக் கண்டதும் வீட்டார் அனைவரும் வாயடைத்துப் போக, கொல்லையில் கட்டியிருந்த ஆடு மட்டுமே பேசியது. அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் தேர்வையும் சொல்லிவிடுகிறேன். இசைத்தொகுப்பு, இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்'. தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹ் அவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில், வயலின்கள் நம் இராகங்களில் புறப்பட்டு, ஒன்றையொன்று துரத்தியும் எதிர்த்தும் பின்னிக்கொண்டும் செல்கின்றன. வாங்கிச் சென்ற வாடிக்கையாளர் ஒருவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, "பாட்டே வரவில்லை, நாடா பழுது" என்று காசைத் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அந்தப் பிரதிதான் என்னுடையதாயிற்று. சொற்கள் உள்ள பாட்டு நூறு முறை கேட்டால் மனப்பாடமாகி, பிறகு காதில் விழாமலே ஓடத் தொடங்கிவிடுகிறது. இதுவோ எனக்கு இன்னும் மனப்பாடமாகவில்லை. நூலும் படமும் கீழே வருகின்றன.

கேள்வி: 'புயலிலே ஒரு தோணி' நாவலை நீங்கள் ஓயாமல் பாராட்டுகிறீர்கள். மூன்று முறை தொடங்கியும் என்னால் ஐம்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. குறை யாருடையது? – வாசகர், தொண்டி

பதில்: உங்கள் குறையன்று. முதல் பக்கத்திலேயே வாசகரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் வழக்கம் ப. சிங்காரத்துக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்திராவின் மேதான் நகருக்குள் நுழைகிற நேரத்தில், அந்த ஊர்த் தெருவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, யார் எவர் என்று சொல்லாமலே நடக்கத் தொடங்கிவிடுகிறார். மலாய்ச் சொல்லும் செட்டிநாட்டு வட்டிக்கடைப் பேச்சும் பழந்தமிழ்ப் பாட்டின் அடிகளும் கலந்து வருகிற அந்த நடை, அந்நிய ஊரில் இறங்கிய முதல் நாள் காதில் விழும் இரைச்சலைப் போன்றது. எல்லாச் சொல்லுக்கும் பொருள் தேடிக்கொண்டு நின்றால் நகர முடியாது. சந்தைக்குள் நடப்பதுபோல நடந்துகொண்டே இருங்கள். வேண்டிய சொல் தானாகப் பழகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு, கறாரான வாசகர்கள் என்னை மன்னிப்பார்களாக. மேதானை விட்டுப் பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடல் கடக்கிற பகுதியை முதலில் படித்துவிடுங்கள். புயலில் அந்தத் தொங்கான் படும் பாட்டை அவர் எழுதியிருக்கிற விதம், வாக்கியங்களே முறிந்தும் தெறித்தும் அலையோடு அலையாக எழுந்து விழுவதாக இருக்கும். பாய்மரக் கப்பல்களைக் கண்ட ஊர் உங்களுடையது. அந்தப் பக்கங்களுக்கு உங்களைவிடத் தகுதியான வாசகர் வேறு யார்? அதன் பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினால், தெரிந்தவர்களோடு நடப்பதுபோல இருக்கும்.

சிங்காரம் பிறந்த சிங்கம்புணரி இன்று சிவகங்கை மாவட்டம். அவர் பிறந்தபோது அது இராமநாதபுரம் மாவட்டமே. இளவயதில் மேதானுக்கு வேலைக்குப் போனவர், போர் முடிந்தபின் திரும்பி வந்து மதுரையில் நாளிதழ்ப் பணியில் வாழ்நாளைக் கழித்தார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்று இரண்டே நாவல்கள். இரண்டாவது நாவல் 1972-இல் அச்சேறியபோது அதிகம் பேசப்படவில்லை. நம் மாவட்டத்திலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்களைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வரிச் செய்தி இருக்கும்: "போனார், பிறகு தகவல் இல்லை." அந்த இரண்டு வரிக்கு நடுவில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதை எனக்குச் சொன்ன ஒரே நூல் இது. என் பாட்டியின் அண்ணன் ஒருவரும் அப்படிப் போனவர்தான். அதனால்தான் தீவுக்கு இதை எடுத்துச் செல்கிறேன். தமிழின் ஆகச் சிறந்த நாவல் இதுவா என்ற வழக்கில் நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

கேள்வி: புத்தகத்தை இரவல் கொடுப்பீர்களா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: மேலே சொன்ன நாவலை மூன்று முறை கொடுத்தேன்; நான்காவது பிரதி வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில் இருக்கிறார். கடல் வருகிற படங்களாகத் தேடிப்பிடித்து அவரோடு பார்க்கிறேன். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரிக்கிறார். கடலைச் சரியாகக் காட்டிய படமே இல்லையா? – வாசகி, தங்கச்சிமடம்

பதில்: விசைப்படகுக்காரரோடு கடல் படம் பார்ப்பது, கொத்தனாரோடு வீடு பார்க்கப் போவதைப் போன்றது. அவர் சிரிப்பதில் பெரும்பகுதி நியாயமானதாகவே இருக்கும். உங்கள் ஊரில் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆழம் குறைந்து, பெரும்பாலான நாள்களில் குளம்போல் கிடக்கும் வடகடலான பாக் நீரிணையில் நடக்க வேண்டிய கதைக்கு, பாறையில் மோதி ஆளுயரம் எழும் அலையை வேறெங்கோ போய்ப் படமெடுத்துவந்து ஒட்டிவிடுகிறார்கள். படகின் முனையில் கைகட்டி நிற்கிற நாயகனைப் பார்த்து, வலையை யார் இழுப்பது என்று உங்கள் தந்தையார் கேட்டிருப்பார். டீசல் கணக்கு, பனிக்கட்டிப் பெட்டி, வலையில் அறுந்த கண்ணைக் கோக்கும் மணிக்கணக்கான வேலை, மீன்பாடு கிடைக்காமல் திரும்பிய நாளில் படகு முதலாளியான சம்மாட்டியின் முகம் ஆகியவை திரைக்கு வருவது அபூர்வம்.

இருந்தாலும் இரண்டு பழைய படங்களைப் பற்றி அவரிடம் என் சார்பில் வாதாடுங்கள். 'படகோட்டி' 1964 தீபாவளிக்கு வந்தது. படமெடுத்தது பெரும்பாலும் கேரளத்துக் காயல்களில். அந்தத் தண்ணீர் நம் தண்ணீர் அன்று என்பதை உங்கள் தந்தையார் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார். எம்.ஜி.ஆர். ஏறுகிற படகைப் பார்த்தும் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆனால் இரண்டு குப்பங்களைப் பிரித்து மோதவிட்டு அதில் ஆதாயம் தேடுகிறவனாக நம்பியார் நடித்திருப்பது, கடன் கொடுத்தவருக்கே மீனைப் போட வேண்டிய கட்டாயத்தில் வளர்ந்தவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றாது. வாலி எழுதி, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம். சௌந்தரராஜன் பாடிய 'தரைமேல் பிறக்க வைத்தான்' பாட்டைத் திரையரங்குகளில் கேட்டுவந்து ஏழு வாரமே ஆகியிருந்த நிலையில்தான், டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்து தனுஷ்கோடியை விழுங்கியது. என் தந்தையார் பாம்பனில் அந்த இரவைக் கழித்தவர். படம் அவருக்குப் பெரிதாகப் பிடிக்காது. அந்தப் பாட்டு வானொலியில் வந்தால் மட்டும் எழுந்து போய் ஒலியைக் குறைப்பார், நிறுத்தமாட்டார். பிடித்த பாட்டு என்று அதைச் சொல்வதா, பிடிக்காத பாட்டு என்று சொல்வதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் கடைக்கு வந்த சீட்டுகளில் மிக அதிகமாக எழுதப்பட்டிருந்த பழைய பாட்டும் அதுதான்.

அடுத்த ஆண்டு வந்த மலையாளப் படம் 'செம்மீன்'. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியிருப்பதால், முதலில் அதைப் படித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற படம். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் கரை கரையாகவே இருக்கிறது, அலங்காரத் திரையாக இல்லை. ஆனால் கதை நிற்பது, கரையில் இருக்கும் மனைவி நெறி தவறினால் கடலில் இருக்கும் கணவனைக் கடலம்மை எடுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையின் மேல். அதை எடுத்துவிட்டால் படமே இல்லை என்பதை ஒப்புக்கொண்டும், அந்த நம்பிக்கையை என்னால் இரசிக்க முடிவதில்லை. உயிர் போவது கடலில், பழி விழுவது கரையில் என்ற கணக்கு பெண்களுக்குச் செய்யப்பட்ட அநியாயம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தென்கடலில் முங்கிப் பாசி பறிக்கிறார்கள். பாறை கீறிய கையோடு கரையேறுகிற அவர்களை நாயகியாக வைத்த கதைப்படம் ஒன்று வந்தால், உங்கள் தந்தையாரையும் என்னையும் முதல் வரிசையில் உட்கார வைத்துவிடலாம்.

கேள்வி: மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன் நான். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தைப் பார்க்கத் தொடங்கி, முதல் அரை மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுகிறேன். பாட்டுகளை மட்டும் கேட்கிறேன். இது சரியா? – வாசகர், மண்டபம்

பதில்: இதில் சரி தவறு எதுவும் இல்லை. இலங்கையின் மாங்குளத்திலிருந்து கிளம்பிய கர்ப்பிணிப் பெண் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கி, முகாமில் பிள்ளையைப் பெற்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் படம் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது கதையின் தொடக்கம். உங்களுக்கு அது வீட்டுச் செய்தி. 2002-இல் அந்தப் படத்தை இராமநாதபுரத்துத் திரையரங்கில் பார்த்தபோது, படகு கரை ஒதுங்கும் காட்சியில் எனக்குப் பின்னால் இருந்த சிலர் எழுந்து வெளியே போனார்கள். படம் பிடிக்காமல் போகிறார்கள் என்று அப்போது தவறாக நினைத்துக்கொண்டேன்.

பாட்டுகளைக் கேட்கிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டில் ஏ.ஆர். ரகுமான் பாட வைத்திருக்கிற முதிய குரல் எம்.எஸ். விசுவநாதனுடையது. 1964-இல் மீனவருக்காகப் பாட்டமைத்தவர், 38 ஆண்டுகள் கழித்து, கரையை விட்டுப் போகிறவர்களுக்காகத் தாமே பாடுகிறார். அந்தக் குரலில் இனிமை குறைவு. மூச்சும் பிசிரும் கேட்கின்றன. தேர்ந்த இளம் பாடகர் ஒருவர் அதைப் பாடியிருந்தால் பாட்டு அழகாக இருந்திருக்கும், போகிறவர் எவரும் அதில் இருந்திருக்கமாட்டார். அந்தப் படம் பெற்ற ஆறு தேசிய விருதுகளில் இசைக்கும் ஒன்று உண்டு. தீவுக்கு எடுத்துச் செல்லும் படமாக இதையே குறித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் முழுதும் பார்த்தே தீர வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: பழைய ஒலிநாடாக்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகுமா? – வாசகர், பாம்பன்

பதில்: அது பூஞ்சை; ஈரக்காற்றின் சீதனம். நாடாவை நேரே துடைத்தால் ஒலியைத் தாங்கும் பூச்சும் சேர்ந்து உதிரக்கூடும். இயக்கும் கருவியின் தலைப்பகுதியும் கெட்டு, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பூஞ்சை பரவும். வேறெங்கும் கிடைக்காத பதிவு என்றால், அனுபவமுள்ளவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் மறுபடி வாங்கக்கூடிய படப்பாட்டு என்றால் விட்டுவிடலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எல்லாரும் 'அக்னிச் சிறகுகள்' படி என்கிறார்கள். படித்துவிட்டேன். அடுத்து என்ன? – மாணவி, இராமேசுவரம்

பதில்: அதையே இன்னொரு முறை, முதல் சில அத்தியாயங்களை மட்டும். ஏவுகணைப் பகுதிகளை மேடைப் பேச்சாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் தொடர்வண்டி நிற்காமல் போனதும், ஓடுகிற வண்டியிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துச் சிறுவன் கலாம் முதல் கூலி பெற்றதும், புளியங்கொட்டை சேகரித்து விற்றதும், ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் இருந்த நூல்களை இரவல் வாங்கிப் படித்ததும் அங்கே இருக்கின்றன. நீ நாள்தோறும் நடக்கிற தெருக்கள் அவை. உன் தெருவில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவருடைய முதல் கூலி எது என்று கேட்டு நான்கு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. அதன் பிறகு எந்த நூல் என்பதை உன் நான்கு பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்கிற இசைத்தொகுப்பு ஏதாவது உண்டா? – வாசகர், இராமநாதபுரம்

பதில்: பெயரிலேயே ஊரைச் சுமந்தவர் இராம்நாட் கிருஷ்ணன். பிறந்தது ஆலப்புழை, இசை பயின்றது உங்கள் ஊரில், சி.எஸ். சங்கரசிவத்திடம். 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, நான்சச் என்ற அமெரிக்க நிறுவனம் அவர் பாட்டைப் பதிந்து 'வித்வான்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டது. உரத்துப் பாடாத, பேசுவதுபோல இராகத்தை விரிக்கிற குரல். இரவு பதினொரு மணிக்குமேல், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய இசை அது. அதற்கு நேர்எதிர்த் துருவத்தில், மைதானத்தின் கடைசி வரிசைக்கும் ஒலிபெருக்கி தேவைப்படாத இசைமுரசு நாகூர் ஹனிபா இருக்கிறார்; பெயரில் நாகூர் இருந்தாலும் அவர் பிறந்ததும் இராமநாதபுரம் மண்ணில்தான். 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டைக் கேட்டு என் கடைக்கு வந்தவர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் சிலுவை அணிந்தவர்களும் இருந்தார்கள். ஒரே மாவட்டம் இப்படி இரண்டு குரல்களைக் கொடுத்திருக்கும்போது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: இளையராஜாவின் 'திருவாசகம்' தொகுப்பில் எங்கள் ஊர்ப் பதிகம் இல்லை என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. உங்களுக்கு? – வாசகர், உத்தரகோசமங்கை

பதில்: எனக்கும் உண்டு. 2005-இல் வந்த அந்தத் தொகுப்பில், ஹங்கேரி நாட்டு இசைக்குழுவின் தந்திக் கருவிகள் எழும்பி வருகிற இடத்தில் மாணிக்கவாசகரின் சொல் தடுமாறாமல் நிற்பது பெரிய சாதனை. சிவபுராணத்தின் 'பொல்லா வினையேன்' பகுதியைக் கேட்கும்போதெல்லாம் அதை உணர்கிறேன். ஆனால் நீத்தல் விண்ணப்பம் அதில் இல்லை. உத்தரகோசமங்கைக்கு அரசே என்று அழைத்து, என்னை விட்டுவிடுவாயோ என்று ஐம்பது பாடல்களிலும் விடாமல் மன்றாடுகிற அந்தப் பகுதி அந்தாதியாக அமைந்தது. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். முதற்பக்கம் முடிந்ததும் நாடாவைத் திருப்பிப் போடுகிறவனுக்கு அந்த அமைப்பின் அருமை தெரியும்.

பேரிசைக் குழு வைத்து அதைச் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. ஓதுவார் ஒருவர், ஒரு சுருதிப்பெட்டி, உங்கள் ஊர்க் கோயில் மண்டபம், இவை போதும். மார்கழியில் மரகத நடராசருக்குச் சந்தனக்காப்புக் களைகிற நாளின் கூட்டத்தில் அது நடவாது. அதற்கு அடுத்த வாரம் வருகிறேன். உறை பிரிக்காத 90 நிமிட நாடா ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. ஐம்பது பாட்டும் அதில் அடங்குமா என்பதைப் பாடுகிறவரின் நிதானம்தான் முடிவு செய்ய வேண்டும்.